மெழுகக்காவின் இரண்டு டம்ளர்கள்

மருத்துவமனையில் என் அத்தைக்கு மெழுகக்கா என்று பெயர். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளோடு கடைத்தெருவில் நடந்தால், முன்பின் தெரியாத யாராவது கையைத் தூக்கி விரல்களை மடக்கி விரித்துக் காட்டுவார்கள். "பாருங்க மெழுகக்கா, நல்லா மடங்குது." அத்தை நின்று, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். மூட்டில் கொஞ்சம் சூடு தங்கியிருந்தால், "உள்ள இன்னும் புண் ஆறல. ஓவரா துணி துவைக்காதீங்க" என்பாள். அதன் பிறகுதான் நகர்வாள். அதற்குள் கடை மூடிவிடும்.

பிசியோதெரபி பிரிவின் கடைசி அறையான சூட்டு அறைதான் அவளுடையது. ஜன்னல் ஒன்றே ஒன்று. சுவரோரமாக ஒரு தொட்டியில் மெழுகு எப்போதும் உருகிக் கிடக்கும். எலும்பு கூடி மாவுக்கட்டுப் பிரித்தவர்கள், மூட்டு இறுகியவர்கள், விரல் மடங்காதவர்கள் வந்து உட்காருவார்கள். அத்தை அவர்கள் கையை மெழுகில் முக்கி எடுப்பாள், ஆற விடுவாள், மறுபடி முக்குவாள். கையின் மேல் வெள்ளையாக ஓர் உறை வளரும். அதை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் துண்டால் மூடிவிட்டு, "உங்க கை கொஞ்ச நேரம் ஊருக்குப் போயிருக்கு. தேடாதீங்க" என்பாள்.

முதல் தடவை வருகிறவர்கள் பயப்படுவார்கள். தொட்டியின் முள் ஐம்பதைத் தாண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதுலயா கையை விடணும்?" என்று கேட்பார்கள். அத்தை தன் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்து, வெள்ளைத் தொப்பி போட்ட அந்த விரலை அவர்கள் முகத்துக்கு நேராக ஆட்டுவாள். அதோடு பயம் தீர்ந்தது. தொட்டிக்கு முள் இருந்ததே தவிர, அறைக்கு அத்தையின் விரல்தான் முள்.

அதே வெப்பநிலையில் வெந்நீர் இருந்தால் தோல் வெந்துவிடும். மெழுகு ஏன் சுடவில்லை என்பதை எனக்குச் சொன்னவர் மாமா. ஒரு பெரிய தங்கும் விடுதியின் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். இடுப்பு தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். வெப்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது.

"வெப்பநிலை வேற, வெப்பம் வேற" என்றார் மாமா. "ஒரு பொருளுக்குள்ள இருக்கற துகள் எல்லாம் எவ்வளவு வெறியா ஆடுதுன்னு சொல்றது வெப்பநிலை. அந்த ஆட்டத்துல எவ்வளவு உன் கைக்கு மாறுதுங்கறதுதான் வெப்பம். கோபக்காரன் எல்லாருமே அடிச்சிடறானா? தண்ணி இருக்கே, அது அடிக்கிற ஜாதி. மெழுகு முறைச்சுக்கிட்டே நிக்கும், அவ்வளவுதான். கிட்ட இருக்கறதே கொஞ்சம், அதையும் மெதுவாத்தான் கொடுக்கும். தோல் மேல உறையும்போது ஒளிச்சு வச்சிருந்ததையும் வெளிய விடும், அதனாலதான் கதகதப்பு ரொம்ப நேரம் நிக்குது."

"அந்த விடுதி பாய்லரையே அணைச்சிட்டாங்க" என்றாள் அத்தை, பாத்திரம் கழுவிக்கொண்டே. "இவரை அணைக்கத்தான் ஆள் இல்ல."

"சொல்லிக் கொடுத்தா குத்தமா?"

"எனக்கு எதுக்குங்க? விரலை விட்டா தெரிஞ்சிடப்போகுது."

நான் பல ஊர் சுற்றிவிட்டு ஒரு பையோடு அவர்கள் வீட்டில் வந்து இறங்கிய சமயம் அது. விரலை விட்டால் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்த கடைசி நாட்களும் அவையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒருவேளை அப்போதே தெரியாமல் போக ஆரம்பித்திருக்கலாம். பால் பாத்திரத்தைத் துணியில்லாமல் அடுப்பிலிருந்து இறக்குவாள். நாங்கள் அதைப் பழக்கம் என்று நினைத்தோம். "என் கை எருமைத் தோல்" என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மெழுகில் கையை விடுமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை உண்டு. சர்க்கரை நோயாலோ நரம்பு அடிபட்டதாலோ சிலருக்கு உணர்ச்சி குறைந்திருக்கும். அவர்களுக்குச் சூடு வைத்தால் வெந்தாலும் சொல்லத் தெரியாது. அதனால் இரண்டு கண்ணாடி டியூப்களை எடுத்து, ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் குளிர்ந்த நீரும் நிரப்பி, ஒரு துண்டால் இரண்டையும் நன்றாகத் துடைத்துவிட்டு, கண்ணை மூடச் சொல்லித் தோலில் மாற்றி மாற்றி வைப்பார்கள். சூடா, ஆறினதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். துடைப்பது முக்கியம். குளிர்ந்த டியூபின் மேல் காற்றில் உள்ள ஈரம் வந்து படியும். ஈரமாக வழுக்குவது ஆறினது என்று சும்மாவே கண்டுபிடித்துவிடலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை முதலில் சொல்வது இதைத்தான்: "துடைக்காம கொடுத்தா அது டெஸ்ட் இல்ல, விடையையும் சேர்த்துக் கொடுக்கறது."

ஒருநாள் காலை முதலில் வந்தவர் ஒரு தையல்காரர். அத்தை இரண்டு டியூப்களையும் ஒரே கையில் பிடித்து, விரலால் உருட்டி மாற்றிக்கொள்வாள். எது எது என்று கண்ணால் பார்ப்பதில்லை, எத்தனையோ வருஷப் பழக்கம். தையல்காரர் சூடு என்றார். தன் விரலில் இருப்பது ஆறின டியூப் என்று அத்தை நினைத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி தப்பு. உணர்ச்சி குறைவு, மெழுகு வேண்டாம் என்று சொல்லி வெளியே உட்கார வைத்தாள். அடுத்து வந்த வேன் ஓட்டும் பெண்ணுக்கும் அதேதான். மூன்றாவதாக வந்தவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் ஒரு சமையற்காரர்.

"சூடா இருக்குங்க. அடுப்படியில நிக்கறவனுக்குச் சூடு தெரியாதா?"

"அடுப்படியில நிக்கறவங்களுக்குத்தான் முதல்ல போகும்" என்றாள் அத்தை.

சத்தம் கேட்டு மேடம் உள்ளே வந்தார். பிரிவுக்குப் பொறுப்பான பிசியோதெரபிஸ்ட், அத்தையைவிட வயதில் சின்னவர். "என்னக்கா, ஊர்ல எல்லார் நரம்பும் இன்னைக்கு லீவா?" என்று சிரித்துக்கொண்டே டியூப்களை வாங்கினார். சமையற்காரருக்கு வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகச் சொன்னார். மேடம் விளையாட்டாக, "இப்ப நீங்க சொல்லுங்க" என்று அத்தையின் விரலில் ஒன்றை வைத்தார். அத்தையும் விளையாட்டாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆறினது."

மேடம் சிரிக்கவில்லை. அத்தை கண்ணைத் திறந்தபோது, டியூபின் வாயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

மேடம் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நுனி சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. "வலிக்கலியா?" என்று கேட்டார். "எது?" என்றாள் அத்தை.

அதற்கப்புறம்தான் யாரோ தொட்டியின் முள்ளைப் பார்த்தார்கள். சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் கருவி காலையிலிருந்தே சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. முள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு எங்கேயோ ஏறிப் போயிருந்தது. அத்தை வழக்கம்போலத் தன் விரலை விட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அந்த மூன்று பேருக்கும் உணர்ச்சி இல்லை என்று அவள் தப்பாகச் சொன்னதால்தான் அவர்கள் கை தப்பித்தது. இதை மேடம் ஆறுதலுக்குச் சொன்னார். எனக்குத் தெரிந்து அத்தையை அதைவிட உடைத்த வார்த்தை வேறு இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தின் உள்ளே நடுவில் நீர் கோத்து ஒரு குகைபோல விரிந்திருக்கிறது என்றார் டாக்டர். சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் நரம்புகள் அந்த நடுப்பகுதி வழியாகத்தான் குறுக்கே கடக்கின்றன. முதலில் அறுந்தவை அவைதான். தொடுகிற உணர்ச்சி போகும் பாதை வேறு, அது இன்னும் நன்றாக இருக்கிறது. அதனால் அத்தைக்கு ஒரு துணியின் நூலைக்கூட விரலால் எண்ண முடியும், கரடுமுரடு தெரியும், வழுவழுப்பு தெரியும். தோளிலிருந்து விரல்வரை சூடும் குளிரும் வலியும் மட்டும் இல்லை. முகத்தில் இருக்கிறது, இப்போதைக்கு.

"ஆபரேஷன் பண்ணா பெருசாகாம நிறுத்தலாம்" என்றார் டாக்டர். "போனது வராது. எப்பவாவது ஒருத்தருக்குக் கொஞ்சம் திரும்பியிருக்கு. அதை நம்பி இருக்காதீங்க."

மாமா வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் போன் செய்து, "கொஞ்சம் திரும்புமாம்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து கழுத்துத் தையல் ஆறும்வரை அத்தை சூட்டு அறையைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. இப்போது யார் முக்குகிறார்கள், தொட்டியைச் சரிசெய்தார்களா, துண்டுகளை வெயிலில் போடுகிறார்களா. மேடம் ஒருநாள் பார்க்க வந்தார். அவர் நல்லவர். "அக்கா, டியூப் டெஸ்ட்ல தேறிட்டீங்கன்னா மறுநாளே தொட்டி உங்களுது. ஒரு தப்புகூட இருக்கக் கூடாது. அது உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டில் டெஸ்ட். மாமா இரண்டு ஸ்டீல் டம்ளர்களை மேஜையில் வைப்பார். ஒன்றில் கெட்டிலிலிருந்து கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், ஒன்றில் பிரிட்ஜிலிருந்து தண்ணீர். அத்தை கண்ணை மூடிக் கையை நீட்டுவாள். மாமா மாற்றி மாற்றி அவள் விரல்களுக்குள் வைப்பார்.

ஆரம்ப நாட்களில் எல்லாம் குத்துமதிப்புதான். அப்படியே இருந்திருந்தால் தேவலை. கொஞ்ச நாள் போனதும் அவள் சரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் பாதிக்கு மேல், பிறகு பெரும்பாலும். அப்புறம் ஒரு சாயங்காலம் ஒன்றுகூடத் தப்பில்லை.

"எப்படிம்மா இருக்கு? சில்லுன்னு தெரியுதா?"

"சில்லுன்னு இல்லங்க. என்னமோ தெரியுது. இது வேற, அது வேறன்னு தெரியுது."

"அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார் மாமா, ஏதோ பத்துப் பேருக்கு நரம்பு முளைப்பதைக் கூட இருந்து பார்த்தவர் மாதிரி. அவருக்கு ஒரே குஷி. கை ஒரு வெப்பமானி இல்லை என்று எனக்கு விளக்கினார். பலகையையும் இரும்பு நாற்காலியையும் ஒரே அறையில் வைத்தால் இரண்டுக்கும் வெப்பநிலை ஒன்றுதான், ஆனால் இரும்பு சில்லென்று இருக்கும், ஏனென்றால் அது நம் சூட்டைச் சீக்கிரம் உருவிக்கொள்கிறது. கைக்குத் தெரிவது ஓட்டம்தான். "அதான் ஸ்டீல் டம்ளர் வச்சேன். ஓட்டம் ஜாஸ்தி. தூங்கற நரம்பையும் தட்டி எழுப்பும்."

"நீங்க தட்டற தட்டுல பக்கத்து வீட்டு நரம்பே எழுந்திடும்" என்றாள் அத்தை. அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

வேலைக்குப் போடும் வெள்ளை மேலங்கியை எடுத்துத் துவைத்தாள். இஸ்திரிப் பெட்டியை அவளிடம் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை, நான் தேய்த்துக் கொடுத்தேன். கதவின் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். மாமாவால் பஸ் ஏற முடியாது. வாசலில் நின்று, "நீ பாட்டுக்குச் சொல்லு, யோசிக்காத" என்றார். போகிற வழியெல்லாம் அத்தை விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

சூட்டு அறையில் அத்தையை நோயாளிகளின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மெழுகு வாசனை. தொட்டியை மாற்றியிருந்தார்கள், புதிது, முள்ளுக்குப் பதிலாக எண்கள் எரிந்தன. அத்தை கண்ணை மூடிக் கையை நீட்டினாள். மேடம் வாஷ்பேசினில் டியூப்களை நிரப்பினார். பிறகு துண்டை எடுத்துத் துடைத்தார். உலர்ந்த துண்டு கண்ணாடியில் அழுந்தி ஓடும்போது கிரீச் என்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

அந்தச் சத்தம் கேட்டதும் அத்தையின் முகம் மாறியது. இன்னும் ஒரு டியூபும் அவள்மேல் படவில்லை. நீட்டிய கை கொஞ்சம் தாழ்ந்தது. நான் பயம் என்று நினைத்தேன்.

"இது?" என்றார் மேடம்.

அத்தை வெகுநேரம் அதை விரல்களுக்குள் வைத்து உருட்டினாள். விரல் எதையோ தேடியது.

"சூடு."

"இது?"

"ஆறினது… இல்ல. சூடு."

மேடம் முடிந்தவரை நிறையத் தடவை வைத்துப் பார்த்தார். சில சரி, சில தப்பு. ஒரு காசைச் சுண்டிவிட்டுப் பார்த்திருந்தாலும் அதே அளவுக்குச் சரியாக வந்திருக்கும். கடைசியில் மேடம் டியூப்களை ஸ்டாண்டில் வைத்தார்.

"நீங்க துடைச்சது சரி மேடம்" என்றாள் அத்தை. "துடைக்கணும்."

பஸ்ஸில் அவளே சொன்னாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "வீட்டு டம்ளர் வேர்த்திருந்துச்சுடீ. வழுக்கினது ஆறினது. வழுக்காதது சூடு. வேற ஒண்ணுமில்ல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?"

"எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், துடை துடைன்னு. எனக்குத் தெரியாம இருக்குமா." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கே தெரியலன்னுதான் நினைச்சுக்கிட்டேன்" என்றாள்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் நேராக மேஜைக்குப் போய் டம்ளரை எடுத்துப் பார்த்தார், காலியாக, உலர்ந்து கிடந்தது. காற்றில் திரியும் நீராவி குளிர்ந்த ஸ்டீல் மேல் எப்படி நீராகப் படிகிறது, அப்படிப் படியும்போது எவ்வளவு வெப்பத்தை விட்டுவிட்டுப் படிகிறது என்று ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனிதர். தினமும் மேஜையில் டம்ளர் விட்ட ஈர வட்டத்தைத் தன் கையாலேயே துடைத்தவர். "எனக்கு எப்படித் தோணாம போச்சு" என்றார்.  அவளுக்குத் தோணாமல் போனது எதனாலோ, அவருக்குத் தோணாமல் போனதும் அதனால்தான்.

மேடம் அவளைக் கைவிடவில்லை. பிரிவின் வாசலில் டோக்கன் கூப்பிடும் வேலை கொடுத்தார்கள். கடைத்தெருவில் இப்போதும் யாராவது விரலை மடக்கிக் காட்டுகிறார்கள். அத்தை நின்று பிடித்துப் பார்க்கிறாள். "மூட்டுல சூடு இருக்கா?" என்று கேட்கிறாள். முன்பு அவள் கேட்டதே இல்லை, அவளாகவே சொல்வாள். அவர்கள் விழித்துவிட்டு, "நீங்கதான் சொல்லணும் மெழுகக்கா" என்கிறார்கள். "நல்லா மடங்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். இப்போதெல்லாம் கடை மூடுமுன் வீடு வந்துவிடுகிறோம்.

சாயங்கால டெஸ்ட் நிற்கவில்லை. மறுநாளே மாமா டம்ளர்களை வைத்தார், தோளில் ஒரு துண்டோடு. குளிர்ந்ததை அழுத்தித் துடைத்தார், சூடானதையும் துடைத்தார்.

"இது?"

"ஆறினது."

"சரி. இது?"

"ஆறினது."

"சரி."

அடுக்களையிலிருந்து எனக்கு இரண்டு டம்ளரும் தெரிந்தன. இரண்டு தடவையும் அவர் வைத்தது ஆவி வந்துகொண்டிருந்த வெந்நீர். அத்தை கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினாள்.  இப்படி எத்தனையோ சாயங்காலங்கள். அவள் என்ன சொன்னாலும் சரி. அவர் எதை வைத்தாலும் சரி.

ஒருநாள் மாமாவை மெதுவாகக் கேட்டேன், இது யாருக்காக என்று. அவர் வழக்கம்போல விளக்கத்தான் ஆரம்பித்தார். "வெப்பம் எங்கயும் தொலையறதில்ல. ஒரு சொட்டுகூட இல்லாம போகாது. பரவிடும், அவ்வளவுதான். டம்ளர்ல இருந்தது மேஜைக்கு, மேஜையில இருந்து காத்துக்கு, காத்துல இருந்து சுவத்துக்கு." மேஜையை உள்ளங்கையால் தடவினார். "எல்லாம் இங்கதான் இருக்கும். திரும்ப ஒரு டம்ளர்ல சேர்க்கத்தான் முடியாது. தானாச் சேர்ந்து எங்கயும் யாரும் பார்த்ததில்ல." அதற்கு மேல் விளக்கவில்லை. அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்தின சாயங்காலம் இரண்டு டம்ளர்களும் மேஜையில் இருந்தன. மாமா ஊற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. இது என்று அவர் கேட்கவில்லை. அத்தை கையை நீட்டவில்லை. என் பயணத்தைப் பற்றி, எந்தப் பை, எந்த பஸ் என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். ஒரு டம்ளரிலிருந்து எழுந்த ஆவி மெலிந்து நின்றது. மற்றதன் மேல் பூத்திருந்த துளிகள் ஒவ்வொன்றாக இறங்கி மேஜையில் வட்டமாகத் தேங்கி, பிறகு அந்த வட்டமும் காய்ந்தது.

பேச்சு ஓய்ந்தபோது அத்தை அருகிலிருந்த டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். உதட்டில்தான் அவளுக்கு இன்னும் தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். அடுத்ததையும் எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"எதுங்க சூடு ஊத்தினது?" என்றாள்.

மாமா இரண்டையும் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.